ஒரு லேப்டாப், இரண்டு மூன்று மானிட்டர்: அடாப்டர் வாங்குமுன் வரும் கேள்விகள்

நண்பர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்டவை இவை. பாதிப் பேர் அடாப்டரை வாங்கிய பிறகுதான் கேட்டார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பே படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் லேப்டாப்பில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ போர்ட்தான். ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு மானிட்டர் இணைக்கலாமா?

இணைக்கலாம், இரண்டிலும் ஒரே படம் ஓடும். ஒரு எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு திரைக்கான படம்தான் போகும். ஸ்ப்ளிட்டர் அதை நகல் எடுத்து இரண்டு பக்கமும் அனுப்புகிறது. டிவி கடையில் வரிசையாகப் பத்து டிவியில் ஒரே கிரிக்கெட் ஆட்டம் ஓடுமே, அதற்காகச் செய்த பொருள் அது.

நானும் முதலில் ஸ்ப்ளிட்டர்தான் வாங்கினேன். "ரெண்டு மானிட்டர்லயும் வரும் சார்" என்றார் கடைக்காரர். வந்தது. இரண்டு மானிட்டரிலும் ஒரே எக்செல் ஷீட். அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் சரியாகக் கேட்கவில்லை. அதன் பிறகு கடையில் கேட்கும்போது "ரெண்டுலயும் வேற வேற படம் வருமா?" என்றே கேட்கிறேன்.

அப்படியானால் வேறு வேறு படம் வர என்ன செய்வது?

படத்தை வரைவது லேப்டாப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சிப். அடாப்டருக்கு வரையத் தெரியாது, வரைந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் தெரியும். இதற்கு ஒரு விதிவிலக்கு டிஸ்ப்ளேலிங்க். அதைப் பின்னால் பார்ப்போம். ஆகவே உங்கள் லேப்டாப் ஒரே நேரத்தில் எத்தனை படம் வரையும், அவை எந்தெந்தப் போர்ட் வழியாக வெளியே வரும் என்பதை முதலில் பாருங்கள். அடாப்டரின் அட்டைப்பெட்டியைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

மிக எளிய வழிக்கு விசேஷமான அடாப்டரே வேண்டாம். எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு மானிட்டர், படம் தரக்கூடிய யுஎஸ்பி-சி போர்ட்டில் இன்னொன்று, நடுவில் ஒரு சாதாரண யுஎஸ்பி-சி எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர். பலருக்கு இதுவே போதும். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள பெரிய ஹப்பை (ஒரு போர்ட்டில் மாட்டினால் பல போர்ட் தரும் பெட்டி) தேடி அலைபவர்கள், லேப்டாப்பின் பக்கவாட்டில் சும்மா கிடக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டை மறந்துவிடுகிறார்கள்.

அந்த வழி இல்லாதவர்களுக்கு மூன்று பாதைகள் உண்டு: எம்எஸ்டி ஹப் (ஒரே கேபிளில் வரும் பல படங்களைப் பிரித்துத் தருவது), தண்டர்போல்ட் டாக் (தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பில் ஓடும் பல போர்ட் பெட்டி), டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் (படத்தை யுஎஸ்பி டேட்டாவாக அனுப்புவது). கடை அலமாரியில் மூன்றும் அண்ணன் தம்பி போல ஒரே சாயலில் இருக்கும். உள்ளே வேலை செய்யும் விதம் அடியோடு வேறு.

என் லேப்டாப் எத்தனை திரை தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்டெல் கோர் சிப் என்றால் பத்தாம் தலைமுறை வரை பொதுவாக மூன்று திரை. லேப்டாப்பின் சொந்தத் திரையும் அந்தக் கணக்கில் சேரும், எனவே வெளியே இரண்டு. 2020-இல் வந்த பதினொன்றாம் தலைமுறையிலிருந்து நான்கு. இது சிப்பின் எல்லை. லேப்டாப் செய்த நிறுவனம் போதுமான போர்ட்டுகளை வெளியே எடுத்துத் தந்திருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

கேமிங் லேப்டாப்பில் இன்னொரு சிக்கல். அதில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கும். எச்டிஎம்ஐ போர்ட் தனி கிராபிக்ஸ் கார்டோடும், யுஎஸ்பி-சி போர்ட் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடும் இணைந்திருப்பதுண்டு. ஒரு மானிட்டரில் கேம் வேகமாகவும் மற்றொன்றில் மந்தமாகவும் ஓடினால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கலாம்.

உங்கள் மாடலின் முழுப் பெயரை லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்து, நிறுவனத்தின் தளத்தில் உள்ள விவரப் பக்கத்தைத் தேடுங்கள். விற்பனைத் தளங்களில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் நான்கு வகை லேப்டாப் விற்பார்கள், விவரம் நான்குக்கும் ஒன்றாகவே ஒட்டப்பட்டிருக்கும்.

யுஎஸ்பி-சி போர்ட் இருக்கிறது. படம் வரும்தானே?

வரலாம், வராமலும் போகலாம். யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர். அந்தத் துளைக்குப் பின்னால் எந்த வசதியை வைப்பது என்பது லேப்டாப் செய்தவர் விருப்பம். சிலவற்றில் டேட்டா மட்டும் போகும், சிலவற்றில் சார்ஜும் சேர்ந்து போகும். படம் வர வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி இருக்க வேண்டும். 2014-இல் வந்த ஏற்பாடு இது. யுஎஸ்பி-சி கம்பிகளில் சிலவற்றை டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போலத் திரைக்குப் படம் கொண்டுபோகும் இன்னொரு முறை) சிக்னலுக்கு ஒதுக்கித் தருகிறது.

போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், படம் நிச்சயம். டி, பி எழுத்துகள் பின்னிக்கொண்ட மாதிரி ஒரு குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், அதுவும் சரி. வெறும் யுஎஸ்பி குறி மட்டும் இருந்தாலோ, எந்தக் குறியும் இல்லாவிட்டாலோ விவரப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். விலை குறைந்த லேப்டாப்புகளில் யுஎஸ்பி-சி பல சமயம் டேட்டாவுக்கு மட்டுமே.

இன்னொன்று. போன் சார்ஜருடன் வந்த யுஎஸ்பி-சி கேபிளை எடுத்து மானிட்டரில் செருகிவிட்டு "படம் வரவில்லை" என்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கேபிள்களில் பெரும்பாலும் சார்ஜுக்கும் யுஎஸ்பி 2.0 டேட்டாவுக்குமான கம்பிகள்தான் இருக்கும். படம் போக வேண்டிய கம்பியே உள்ளே கிடையாது. மானிட்டருடன் வந்த கேபிளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப் வாங்கினேன். அலுவலக விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு தனித்தனித் திரை வருகிறது. வீட்டு மேக்புக்கில் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம். ஹப் பழுதா?

ஹப்பில் கோளாறு இல்லை. அது எம்எஸ்டி ஹப். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 பதிப்பு 2010-இல் வந்தபோது கொண்டுவந்த உத்தி இது: ஒரே கேபிளில் பல திரைகளுக்கான படங்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கலந்து அனுப்பி, மறுமுனையில் பிரித்துக் கொடுப்பது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் இந்தக் கலை தெரியும். மேக்ஓஎஸ் இதைத் தனித்தனித் திரைகளுக்குப் பயன்படுத்துவதில்லை. அதனால் ஹப்புக்கு ஒரே ஒரு படம் வந்து சேர்கிறது, ஹப் அதை இரண்டு பக்கமும் காட்டுகிறது. என்னுடைய பழைய ஸ்ப்ளிட்டர் செய்த வேலையேதான்.

ஆப்பிள் ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்காதீர்கள். இன்டெல் சிப் இருந்த பழைய மேக்புக்குகளிலேயே, அதே சிப் விண்டோஸில் எம்எஸ்டி செய்தும், மேக்ஓஎஸில் செய்யவில்லை. பிரச்சினை வன்பொருளில் இல்லை என்பது மட்டும் தெளிவு.

இந்த ஹப்புகளின் அட்டைப்பெட்டியில் "மேக்கில் மிரர் மட்டும்" என்ற பொருளில் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். மருந்துச் சீட்டு படிப்பது போலப் படித்தால் கண்ணில் படும்.

மேக்புக்கில் எத்தனை மானிட்டர் இணைக்கலாம்? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

எல்லோரும் சொல்வது அவரவர் சிப்புக்குச் சரி. ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1-உடன் 2020-இல் வந்த மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ இரண்டுக்கும் வெளித்திரை ஒன்றுதான். எம்2-விலும் அதே நிலைமை. 2024-இல் வந்த எம்3 மேக்புக் ஏர் இரண்டு தாங்கும், ஆனால் மூடியை மூடி வைத்தால்தான். எம்4 சிப் வந்த பிறகுதான் மூடி திறந்திருக்கும்போதே வெளியே இரண்டு கிடைத்தது. ப்ரோ, மேக்ஸ் என்று முடியும் சிப்புகளுக்கு இந்தத் தொல்லை ஆரம்பத்திலிருந்தே இல்லை: எம்1 ப்ரோ இரண்டு, எம்1 மேக்ஸ் நான்கு.

எம்1 ஏர் வைத்துக்கொண்டு விலை உயர்ந்த தண்டர்போல்ட் டாக் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. டாக் இரண்டு படத்தைக் கொண்டுபோகத் தயாராக இருந்தது. லேப்டாப் ஒன்றைத்தான் வரைந்து கொடுத்தது.

அந்த எம்1-க்கு வழியே இல்லையா?

இருக்கிறது. டிஸ்ப்ளேலிங்க். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய நிறுவனம் அது, 2020-இல் சினாப்டிக்ஸ் வாங்கிக்கொண்டது. அவர்கள் சிப்பை வைத்துப் பல பிராண்டுகள் அடாப்டரும் டாக்கும் செய்கின்றன.

கிராபிக்ஸ் போர்ட்டை இது நம்புவதே இல்லை. நீங்கள் போடும் டிரைவர் மென்பொருள் கூடுதலாக ஒரு திரை இருப்பதாகக் கணினியை நம்பவைக்கிறது. அந்தத் திரையின் படத்தைச் சுருக்கி, ஒரு கோப்பை அனுப்புவது போல யுஎஸ்பி டேட்டாவாக அனுப்புகிறது. அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதை விரித்து எச்டிஎம்ஐ சிக்னலாக மாற்றுகிறது. வெறும் டேட்டாவாகப் போவதால் பழைய நீளவாக்கு யுஎஸ்பி 3 போர்ட்டிலும் வேலை செய்யும். படம் தராத யுஎஸ்பி-சி என்று மேலே சொன்னேனே, அதிலும் வேலை செய்யும். சிப் போட்ட எல்லையையும் தாண்டிவிடலாம்.

இதற்கு விலை உண்டு. படத்தைச் சுருக்கும் வேலையில் ஒரு பங்கு ப்ராசஸர் தலையில் விழுகிறது. வேர்ட், எக்செல், மின்னஞ்சல், புரோகிராம் எழுதுவது, இவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. கேம் விளையாடவோ வீடியோ எடிட் செய்யவோ அந்தத் திரையைப் பயன்படுத்தாதீர்கள். மவுஸே லேசாக இழுத்துக்கொண்டு வருவது போலத் தோன்றும். காப்புரிமைப் பூட்டுள்ள படங்களை ஓடிடி தளங்களில் பார்த்தால் மேக்கில் வெறும் கறுப்புத் திரைதான் வரும், சத்தம் மட்டும் கேட்கும். ராத்திரி படம் பார்க்கும் திரையை நேரடிப் போர்ட்டில் மாட்டிவிடுங்கள்.

மேக்கில் இந்த டிரைவர் திரையைப் பதிவு செய்யும் அனுமதி கேட்கும். பலர் பயந்து மறுத்துவிட்டு, அடாப்டர் வேலை செய்யவில்லை என்கிறார்கள். திரையில் இருப்பதை எடுத்துத்தானே அது அனுப்ப வேண்டும்? அனுமதி தந்தாக வேண்டும். அலுவலக லேப்டாப் என்றால் டிரைவர் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று ஐடி ஆட்களிடம் முதலில் கேளுங்கள். டிரைவர் போட முடியாத லேப்டாப்புக்கு டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் வாங்குவது, சாவி இல்லாத வீட்டுக்கு வாடகை கொடுப்பது மாதிரி.

4கே மானிட்டர் வாங்கி ஹப் வழியாக மாட்டினேன். மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. ஏன்?

30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது திரையில் படம் வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்து பாருங்கள், எத்தனை ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும்.

ஏன் 30 என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. எனக்குப் பிடித்த கணக்கு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சியில் வேகமான தடங்கள் நான்கு. ஹப்பில் வேகமான யுஎஸ்பி 3 போர்ட்டுகளும் இருந்தால் இரண்டு தடம் டேட்டாவுக்குப் போய்விடும், படத்துக்கு மிச்சம் இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் ஒரு தடத்தில் உருப்படியாகப் போவது வினாடிக்கு 4.32 கிகாபிட். இரண்டு தடம் சேர்த்து 8.64. ஒரு 4கே திரைக்கு 60 ஹெர்ட்ஸில் சுமார் 12.5 கிகாபிட் வேண்டும். போதவில்லை. 30 ஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி, அடங்கிவிடும். ஹப் பெட்டியில் "4கே" என்று பெரிதாகவும் "30 ஹெர்ட்ஸ்" என்று சின்னதாகவும் போடுவது இதனால்தான்.

லேப்டாப், ஹப் இரண்டும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் ஒரு தடத்துக்கு 6.48 கிகாபிட். இரண்டு தடத்தில் 12.96. ஒரு 4கே 60 ஹெர்ட்ஸ் மயிரிழையில் உள்ளே போய்விடும். இரண்டில் ஒன்று பழையதாக இருந்தாலும் கணக்கு பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும்.

இதே கணக்கைச் சாதாரண மானிட்டருக்குப் போட்டால் மனது லேசாகும். 1080பி திரை 60 ஹெர்ட்ஸில் சுமார் 3.2 கிகாபிட்தான். அப்படி இரண்டு திரை பழைய 8.64-க்குள்ளேயே தாராளமாக ஓடும். 1440பி ஒன்றுக்கு 5.6, இரண்டு போட்டால் 11-ஐத் தாண்டும், 1.4 இருந்தால்தான் சரிப்படும். இரண்டு 4கே மானிட்டரும் 60 ஹெர்ட்ஸில் வேண்டும் என்பவர்கள் நேராகத் தண்டர்போல்ட் 4 பக்கம் போய்விடுவது நல்லது. இரண்டு 4கே 60 திரை என்பது அந்தத் தரத்தின் குறைந்தபட்ச நிபந்தனை. 2020-இல் வந்த தரம் அது. அந்தச் சான்றிதழ் பெற்ற விண்டோஸ் லேப்டாப்பில் இதை நம்பி வாங்கலாம். மேக்கில் மட்டும் மேலே சொன்ன சிப் எல்லையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட். இரண்டு முனையும் உள்ள கேபிள் வாங்கினேன், படம் வரவில்லை.

அது ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கணினியிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகச் செய்த கேபிள். நீங்கள் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். இரண்டு முனையும் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகமே வராது. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக, உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். மின்சாரத்துக்காக அதிலிருந்து ஒரு யுஎஸ்பி வாலும் தொங்கும். அந்த வால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹப் வழியாகவே சார்ஜும் செய்யலாமா?

செய்யலாம், ஹப்பில் அதற்கான யுஎஸ்பி-சி நுழைவு இருந்தால். ஹப் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்குத் தரும். 65 வாட் சார்ஜரைச் செருகினால் 50 வாட் அளவுதான் லேப்டாப்புக்குப் போய்ச் சேரும். கனமான வேலை செய்யும்போது சார்ஜர் மாட்டியிருந்தும் பேட்டரி மெல்ல இறங்கினால் திகைக்காதீர்கள். கேமிங் லேப்டாப்புக்கு அதன் சொந்தச் சார்ஜரே நல்லது.

இரண்டாவது மானிட்டர் அவ்வப்போது ஒரு வினாடி கறுத்துவிட்டு மறுபடி வருகிறது.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழெட்டுத் தடவை கேபிள்தான் காரணம். நீளமான மலிவு எச்டிஎம்ஐ கேபிள் 1080பியில் ஒழுங்காக ஓடும், 4கே போட்டதும் தடுமாறும். கேபிள் மாற்றியும் தொடர்ந்தால் ஹப்புக்குச் சார்ஜர் மாட்டிப் பாருங்கள், மின்சாரம் போதாமலும் இப்படி ஆகும். ஹப் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் அதன் மேல் கிடக்கும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், என் மேஜையில் நடந்தது. இவை எதுவும் உதவாவிட்டால் ஹெர்ட்ஸை ஒரு படி குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் சரியாகிவிட்டால் கேபிளோ ஹப்போ அந்த வேகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் மாட்டியும் இரண்டிலும் ஒரே படம். விண்டோஸ்தான்.

விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர்வு செய்யுங்கள். ஹப்பைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய இரண்டு பேரை நான் இந்த ஒரு விசையால் நிறுத்தியிருக்கிறேன்.

மவுஸ் இடப்பக்கம் போனால் வலப்பக்க மானிட்டரில் வருகிறது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2, 3 என்று கட்டங்கள் தெரியும். மேஜையில் மானிட்டர்கள் இருக்கும் வரிசைப்படியே அவற்றை இழுத்து வையுங்கள். உயரத்தையும் சரியாக வைத்தால் மவுஸ் ஓரத்தில் முட்டிக்கொள்ளாது.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மானிட்டர்களில் மட்டும் வேலை செய்ய முடியுமா?

முடியும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில், மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று வைக்க வேண்டும். மேக்கில் சார்ஜரும் வெளி கீபோர்டும் மவுஸும் இணைத்திருந்தால் தானாகவே நடக்கும். மூடியபடி ஓடும் லேப்டாப்பைப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். விண்டோஸில் அந்த அமைப்பை மாற்றியவர்கள், கிளம்பும்போது மூடினாலே தூங்கிவிடும் என்ற பழைய நினைப்பில் பையில் போட்டுவிடுவார்கள். வீடு போய்த் திறந்தால் இட்லிப் பானை போல இருக்கும்.

பரணில் ஒரு பழைய விஜிஏ மானிட்டர் கிடக்கிறது. பயன்படுமா?

தாராளமாக. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள சின்ன அடாப்டர் போதும். வெறும் கம்பிகளை இணைத்த கேபிள் உதவாது. எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் மானிட்டரில் ஆட்டோ பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். சத்தம் விஜிஏ வழியே போகாது, லேப்டாப்பிலேயே கேட்கும். மின்னஞ்சலையும் அரட்டைப் பெட்டியையும் அந்த மானிட்டரில் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.